சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: கேமராவின் சின்னச் சாமான் தொலைந்தால் என்ன செய்வது?



தையல், ஊறுகாய், பாக்குமட்டைத் தட்டு, கறவை மாடு என்று நம் குழுக்கள் பல தொழில்கள் செய்கின்றன. சில குழுக்கள் போட்டோ, வீடியோ எடுக்கும் தொழிலையும் கையில் எடுத்திருக்கின்றன. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து போன்ற விசேஷங்களில் பெண்ணே வந்து படம் எடுப்பதை வீட்டுப் பெண்கள் விரும்புகிறார்கள். கூச்சமில்லாமல் நிற்கலாம், சிரிக்கலாம். நல்ல தொழில்தான்.

கேமரா பெரும்பாலும் குழுக் கடனில் வாங்கியதாக இருக்கும். அதைத் தங்கம் போலப் பாதுகாக்கிறோம். அதனால் கேமரா தொலைவது அபூர்வம். தொலைவதெல்லாம் அதன் சின்னச் சாமான்கள்தான். லென்ஸ் மூடி, பேட்டரி, மெமரி கார்டு, சார்ஜர் வயர், ஸ்டாண்டில் மாட்டும் சின்னத் தகடு.

தொலைந்த உடனே என்ன நடக்கும்? "கடைசியா யாரு கையில இருந்துச்சு?" என்ற கேள்வி வரும். "நீதானே தொலைச்சே, நீயே வாங்கிக் கொடு" என்ற பேச்சு வரும். கடையில் போய் விலை கேட்டால் உள்ளங்கையளவு பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள் கூலியைக் கேட்பார்கள். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் அந்தத் தங்கச்சி, "எனக்கு அந்தக் கேமராவே வேணாம்க்கா, எதையாவது தொலைச்சுட்டு யாரு பேச்சு வாங்குறது" என்று ஒதுங்கிவிடுவாள். இப்படி ஒவ்வொருத்தராக ஒதுங்கினால் கேமரா பீரோவுக்குள் போய்விடும். கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

ஒரு மூடி தொலைந்ததற்காக ஒரு தொழிலே நிற்கலாமா? நிற்கக் கூடாது. அதற்கு மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். இந்தச் சாமான்களுக்கு ஏன் இவ்வளவு விலை? எதை எங்கே எப்படி வாங்குவது? தொலைந்தால் அந்தச் செலவு யாருடையது?

ஏன் இவ்வளவு விலை?

குக்கர் வெயிட் தொலைந்தால் நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்ததை வைக்க முடியுமா? அந்தக் கம்பெனி, அந்த மாடல் வெயிட்தான் வேண்டும். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துதான் ஆக வேண்டும். குக்கரை வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்கிப் பேரம் பேசினோம். வெயிட்டுக்குப் பேரம் பேச முடியவில்லை. ஏனென்றால் குக்கர் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது. நாம் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டோம்.

கேமராவும் அப்படித்தான். விலை ஏறுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

1. கேமரா வாங்கும்போது நமக்குப் பல கம்பெனிகள் இருக்கின்றன. அதனால் விலையில் போட்டி இருக்கிறது. வாங்கிய பிறகு அதற்குப் பொருந்தும் சாமான் மட்டுமே வேண்டும். அங்கே போட்டி குறைகிறது.

2. பொருளின் அடக்கவிலை குறைவு. ஆனால் அதைப் பெட்டியில் போட்டு, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வரி கட்டி, கிடங்கில் வைத்து, கடைக்கு அனுப்பும் செலவு அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

3. ஒரு மாடலுக்கான சாமான் தினமும் விற்காது. எப்போதோ ஒருவர் வந்து கேட்பார். அதுவரை கடைக்காரரின் பணம் முடங்கிக் கிடக்கும். அந்த வட்டியையும் விலையில்தான் சேர்ப்பார்.

4. நம் அவசரம். நாளை காலை முகூர்த்தம், இன்று சாயங்காலம் பேட்டரி இல்லை என்றால் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுவோம். அது கடைக்காரருக்கும் தெரியும்.

முதல் மூன்று காரணங்களை நம்மால் மாற்ற முடியாது. நான்காவது முழுக்க நம் கையில் இருக்கிறது. அவசரமில்லாதவர்தான் விலை விசாரிக்க முடியும்.

நம்பர் தெரிந்தால் ஏமாற வேண்டாம்

தையல் மெஷின் ஊசி வாங்கப் போனால் "14-ஆம் நம்பர் ஊசி கொடுங்க" என்று கேட்கிறோம். எந்தக் கம்பெனி ஊசி என்றாலும் நம்பர் சரியாக இருந்தால் போட்டுத் தைக்கிறோம். கேமராவிலும் பல சாமான்களுக்கு இப்படி நம்பர் உண்டு. அது தெரியாததால்தான் கம்பெனி பெயரைச் சொல்லி அதிக விலை கொடுக்கிறோம்.

*லென்ஸ் மூடி:* லென்ஸின் முன்பக்க விளிம்பைப் பாருங்கள். ஒரு சின்ன வட்டத்தின் குறுக்கே சாய்கோடு போட்ட குறி இருக்கும். அதன் பக்கத்தில் 49, 52, 55, 58, 67, 72, 77 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். அது லென்ஸ் வாயின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த அளவுள்ள எந்தக் கம்பெனி மூடியும் பொருந்தும். பழைய மூடி கையில் இருந்தால் அதன் உள்பக்கத்திலும் பல சமயம் இந்த எண் இருக்கும்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லென்ஸின் மேல் "18-55 மி.மீ." என்றும் எழுதியிருக்கும். அது எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு தூரத்தில் காட்டும் என்பதைக் குறிக்கும் எண். மூடியின் அளவு அல்ல. "55 மூடி கொடுங்க" என்று அதைப் பார்த்து வாங்கி வந்தால் பொருந்தாமல் போகலாம். எடுத்துக்காட்டாக, கேனான் கம்பெனியின் இஎஃப்-எஸ் வகை 18-55 லென்ஸ்களுக்கு 58 மி.மீ. மூடி வேண்டும். நிக்கான் கம்பெனியின் 18-55 லென்ஸ்களில் ஏஎஃப்-எஸ் வகைக்கு 52, அதற்குப் பின் வந்த ஏஎஃப்-பி வகைக்கு 55. ஆகவே வட்டக்குறி போட்ட எண்ணை மட்டும் பாருங்கள்.

*பேட்டரி:* இதற்கு அளவு எண் அல்ல, மாடல் பெயர். பேட்டரியின் முதுகிலேயே எழுதியிருக்கும். கேனான் 1500டி கேமராவுக்கு எல்பி-இ10. நிக்கான் டி3500, டி5600 கேமராக்களுக்கு இஎன்-இஎல்14ஏ. அதோடு வோல்ட் எண்ணும் இருக்கும். பழைய பேட்டரியில் உள்ள பெயரும் வோல்ட்டும் புதியதிலும் பொருந்த வேண்டும்.

*ஸ்டாண்டுத் தகடும் திருகும்:* கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளை பெரும்பாலான கேமராக்களில் ஒரே அளவுதான். கால் அங்குலம். அதனால் திருகு மாற்றக் கவலை இல்லை. ஆனால் திருகைத் தாங்கும் தகடு ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மாறும். தகடு தொலைந்தால் ஸ்டாண்டின் தலையையே கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு எச்சரிக்கை: இரும்புக் கடையில் கால் அங்குல போல்ட் வாங்கி மாட்டாதீர்கள். நீளம் கூடினால் கேமராவின் அடிப்பாகத்தைக் குத்தி உடைத்துவிடும்.

*சார்ஜர் வயர்:* சில சார்ஜர்களில் வயர் தனியாகக் கழன்று வரும். முனை எட்டு என்ற எண்ணின் வடிவில், இரண்டு துளையோடு இருந்தால், அது பழைய டேப் ரெக்கார்டருக்குப் போடும் அதே வகை வயர்தான். நல்ல எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். வயர் தொலைந்ததற்காக முழு சார்ஜரையும் வாங்க வேண்டாம்.

எதில் சிக்கனம், எதில் கூடாது?

எல்லாவற்றையும் கம்பெனிப் பொருளாகவே வாங்கினால் கட்டுப்படியாகாது. எல்லாவற்றையும் மலிவாக வாங்கினாலும் ஆபத்து. மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் வகை, *எந்தக் கம்பெனியும் போதும்*. லென்ஸ் மூடி, கழுத்துப் பட்டை, பை, துடைக்கும் துணி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தின் ரப்பர். இவற்றில் கரண்டும் இல்லை, படமும் இல்லை. அளவும் மாடலும் பொருந்தினால் போதும். வேறு கம்பெனி மூடி கேமரா கம்பெனி மூடியை விட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். லென்ஸைத் தூசியிலிருந்து காப்பதில் இரண்டும் ஒன்றுதான். வாங்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள். பஸ் சார்ஜ் ஒரு தடவையோடு போகும்.

இரண்டாவது வகை, *வேறு கம்பெனி வாங்கலாம், ஆனால் தரம் பார்க்க வேண்டும்*. பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு. இவற்றில் மலிவைத் தேடக் கூடாது. தரமில்லாத லித்தியம் பேட்டரி வீங்கும், சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். குத்தாதீர்கள். குப்பையோடு எரிக்காதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். மெமரி கார்டில் போலிகள் அதிகம். மேலே 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதியாமல் போய்விடும்.

மூன்றாவது வகை, *சர்வீஸ் சென்டர்தான்*. பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு, லென்ஸ் மாட்டும் வளையம். கதவு உடைந்தால் சில கேமராக்கள் ஆன் ஆகாது, ஏனென்றால் கதவு மூடியிருப்பதை உணரும் சின்ன சுவிட்ச் உள்ளே இருக்கிறது. இதில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரில் முதலில் மதிப்பீடு கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

- பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்க வேண்டும். எல்லா வரியும் அதில் அடங்கும். அதற்கு மேல் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இதைச் சொல்கின்றன.
- பேட்டரியிலும் சார்ஜரிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.
- பில் கட்டாயம் வாங்குங்கள். "பில் வேணாம்னா அம்பது ரூபா குறைச்சுக்கிறேன்" என்பார்கள். மயங்க வேண்டாம். பில் இல்லாவிட்டால் மாற்றித் தரச் சொல்லி வாதாட முடியாது. நம் குழுக் கணக்கிலும் செலவு எழுத முடியாது.
- ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

தொலையாமல் இருக்க

எதற்கும் ஒரு இடம் இருந்தால் அது தொலையாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம், சீரகத்துக்கு ஒரு கிண்ணம் என்று வைத்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். கேமராப் பையும் அப்படி இருக்க வேண்டும்.

- மூடியைக் கழற்றினால் பையில் அதற்கென்று உள்ள ஒரே அறைக்குத்தான் போக வேண்டும். மணமேடை ஓரம், நாற்காலி, ஜாக்கெட்டுக்குள், யாரோ ஒரு குழந்தையின் கை, இவையெல்லாம் கூடாது.
- மூடியை லென்ஸோடு கட்டும் சின்னக் கயிறு விற்கிறது. விலை குறைவு. வீடியோ எடுக்கும்போது மட்டும் காற்றில் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- கறுப்பு மூடி கறுப்புப் பைக்குள் கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வையுங்கள். நம் பொருள் என்பதற்கும் அதுவே அடையாளம்.
- லென்ஸ் மாட்டியிருக்கும்போது லென்ஸின் பின்மூடியும் கேமராவின் வாய்மூடியும் சும்மா கிடக்கும். பெரும்பாலான கேமராக்களில் அவை இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டித் திருகி வைக்கலாம். ஒன்றாகச் சேர்ந்தால் தொலைவது குறையும், தூசியும் போகாது.
- காலிக் கார்டுக்கு ஒரு டப்பா, படம் நிறைந்த கார்டுக்கு வேறு டப்பா. இது ரொம்ப முக்கியம். மூடி போனால் புது மூடி வாங்கலாம். படம் நிறைந்த கார்டு போனால் அந்த வீட்டுக் கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா? வீடு திரும்பியதும் அன்றே படங்களை இரண்டு இடத்தில் ஏற்றி வைத்துவிட வேண்டும்.
- பையின் மூடிக்குள் சாமான் பட்டியல் ஒட்டுங்கள். எழுதப் படிக்க வராதவர்களுக்காகப் படமும் வரையுங்கள். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் எண்ணிப் பாருங்கள். போகும்போது ஒன்பது என்றால் வரும்போதும் ஒன்பது.

இவ்வளவுக்கும் பிறகு மூடி தொலைந்தால்? பதற வேண்டாம். சுத்தமான, மென்மையான பருத்தித் துணியை லென்ஸ் மேல் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். இரண்டு நாளைக்குத் தாங்கும். மூடி இல்லை என்பதற்காக ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை விட வேண்டாம். ஒன்றே ஒன்று, திறந்த லென்ஸை வெயிலைப் பார்த்து வைத்துவிடாதீர்கள். பூதக்கண்ணாடி வெயிலில் காகிதத்தை எரிப்பது போல, லென்ஸ் வழியாக வெயில் குவிந்து கேமராவின் உள்பாகத்தைக் கெடுத்துவிடும்.

தொலைந்தால் யார் பணம்?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மெஷினில் ஊசி ஒடிந்தால், தைத்தவளிடம் ஊசிக்காசு கேட்கிறோமா? அது தையல் தொழிலின் செலவு. கேமராவின் சின்னச் சாமான் தொலைவதும் தேய்வதும் அதே போலத் தொழிலின் செலவுதான். கைமாறிக் கைமாறி, கூட்டத்தில், இருட்டில், அவசரத்தில் வேலை செய்யும் தொழில் இது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு போகத்தான் செய்யும்.

அப்படியானால் அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துவிட வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம்:

- லென்ஸ் மூடி 2: ரூ.300
- பேட்டரி 1: ரூ.1,200
- மெமரி கார்டு 1: ரூ.800
- பட்டை, துணி, தகடு, வயர்: ரூ.700
- வருடத்துக்கு மொத்தம்: ரூ.3,000

வருடத்துக்கு 30 நிகழ்ச்சி எடுக்கும் குழுவாக இருந்தால், ஒரு நிகழ்ச்சிக்கு ரூ.100. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் பேசும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். நிகழ்ச்சிப் பணம் வந்ததும் பங்கு பிரிக்கும் முன் அந்த நூறு ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். 'சின்னச் சாமான் நிதி' என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வருடக் கடைசியில் மிச்சமிருந்தால் அடுத்த வருடத்துக்கு ஆகும்.

இதனால் இரண்டு நன்மை. தொலைந்த அன்றே பணம் கையில் இருக்கும், அதனால் அவசர விலை கொடுக்க வேண்டாம். உபரி மூடியும் பேட்டரியும் முன்னாலேயே வாங்கி வைக்கலாம். இரண்டாவது நன்மை இன்னும் பெரியது. யார் கையில் தொலைந்தாலும் சண்டை வராது.

"அப்படின்னா யாருக்கும் பொறுப்பு இல்லாமப் போயிடுமேக்கா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் கைமாற்றுப் பதிவேடு. கேமராவை வாங்குபவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. குறைந்தால் என்ன குறைந்தது, எங்கே என்று அன்றே எழுத வேண்டும். ஒரே சாமான் அடிக்கடி தொலைகிறது என்றால், ஆளைத் திட்டுவதற்கு முன் அது வைக்கும் இடம் சரியா என்று பாருங்கள். வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தால் என்ன செய்வது என்பதையும் குழு கூடிப் பேசி முன்பே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுதும் விதி ஒருவருக்கு எதிரான விதியாகத்தான் தெரியும்.

பயம் வேண்டாம்

1984-ஆம் ஆண்டிலேயே குஜராத்தின் அகமதாபாத்தில் 'சேவா' அமைப்பின் பெண்கள் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். கூலி வேலை செய்யும் பெண்களின் வாழ்க்கையை அவர்களே படமாக்கினார்கள். 'வீடியோ சேவா' என்ற பெயரில் அந்த வேலை வளர்ந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? கேமராவைத் தொட்டுத் தொட்டுத்தான் கை பழகும். தொலைத்துவிடுவோமோ என்று தொடாமலே இருந்தால் கற்றுக்கொள்வது எப்போது?

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் இதைப் பேசுங்கள். கேமராப் பையைக் கூட்டத்தின் நடுவே வைத்துத் திறங்கள். ஒவ்வொரு சாமானையும் எடுத்து அதன் நம்பரைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானம் போடுங்கள். கேமரா இல்லாத குழுக்களும் இதே முறையைக் கிரைண்டருக்கும், தையல் மெஷினுக்கும், பாக்குமட்டை மெஷினுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பதிவேடு எழுதி முடித்ததும், இதுவரை கேமராவைத் தொடாமல் ஒதுங்கியிருந்த தங்கச்சியின் கையில் அதை முதலில் கொடுங்கள். அன்றைய கூட்டத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.